நூறு கிலோமீற்றருக்கு இரண்டு லீற்றர்

சுஜிதன் தன்னுடைய ஓட்டோவை விற்ற அன்று பவதாரணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு போனவன் படலையடியில் அவசரமாகத் திருப்ப, பின்சில்லு மதிலில் உரசப் பார்த்தது. "மெல்ல, மெல்ல" என்று சுஜிதன் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். அவள் வாசலில் நின்று சிரித்தாள். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து கார் வர இருந்தது. ஓட்டோ உரசினால் என்ன, உரசாவிட்டால் என்ன.

காரை எடுத்துக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன் கேதீஸ்வரன். சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவன். சண்டைக் காலத்தில் வேலணைத் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒற்றை அறையில் கிடந்த காலத்தில் தகப்பன் செத்துப்போக, மீசை அரும்பாத வயதில் வெளிநாடு போய், கோப்பை கழுவித் தாயையும் தங்கச்சியையும் பார்த்தவன். பவதாரணியின் படிப்பும் அவன் கொடுத்தது, கலியாணமும் அவன் செய்து வைத்தது. சரவணையில் அவர்கள் இருக்கிற வீட்டின் ஓடுகூட அவன் போட்டதுதான். அவன் போனில் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

"ஓட்டோக்காரன்ர பெண்சாதி எண்டு என்ர தங்கச்சியை ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்று அவன் சொன்னான். "ஹைபிரிட் கார் எடுத்துத் தாறன், பற்றரியிலயும் ஓடும். மச்சான் ஹயர் ஓடட்டும். உது பெற்றோல் குடியாது. நூறு கிலோமீற்றருக்கு நாலு லீற்றர். நான் இஞ்ச ஓடுறதும் உதே இனம்தான்."

"ஓட்டோவும் ஒரு பக்கத்தில நிக்கட்டுமன்" என்று சுஜிதன் இழுத்தான்.

"ரெண்டையும் எப்பிடி ஓடுவீர்? வித்துப்போட்டு வீட்டுக்குப் பின்னுக்கு ஒரு கொட்டில் போடும். கார் வெயிலில நிக்கக்கூடாது."

அப்படித்தான் ஓட்டோ போனது. கார் கேதீஸ்வரனின் பேரில். ஹயர் ஓடி வருகிற வாடகையில் பெற்றோல் செலவு போக மிச்சத்தில் பாதி சுஜிதனுக்கு, மற்றப் பாதி கேதீஸ்வரன் அதே வளவில் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டுக்கு என்று பேச்சு.

தை மாதத்தில் கார் வந்தது. வெள்ளிச் சாம்பல் நிறம். ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்து, கொழும்பில் இன்னும் யாரோ ஓடிக் கழித்தது என்றாலும் பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. அது சத்தமே இல்லாமல் ஒழுங்கையில் ஊர்ந்து போவதைப் பார்த்து, "ஸ்ரார்ட் பண்ணாமல் எப்பிடிப் போகுது?" என்று அயலவர்கள் கேட்டார்கள். பவதாரணி முன்சீற்றில் இருந்து வேலணைச் சந்திக்குப் போய் ஒரு தேவையும் இல்லாமல் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹயருக்குக் குறைவிருக்கவில்லை. குறிகட்டுவான் துறைக்குப் போய் நயினாதீவுக்குப் படகேறுகிற ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தக்காரர். இவர்களில் நிரந்தரமான ஆள் ஊர்காவற்றுறைப் பஸ்ரியாம்பிள்ளை. கடலுக்குப் போய் உடம்பு முறுகின மனிதன். இப்போது இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, கிழமையில் மூன்று நாள் யாழ்ப்பாணத்துக்கு டயலிசிஸுக்குப் போகவேண்டும். கூடப் போகிறவள் அவருடைய மகள் நிலாந்தி. தகப்பனைப் பார்ப்பதற்காகப் பாலர் பாடசாலை வேலையை விட்டவள். 

முதல் மாதக் கணக்குப் போனதும் கேதீஸ்வரன் போன் எடுத்தான்.

"மச்சான், நூறுக்கு ஆறு லீற்றர் வருது. எங்கயோ பிழை விட்டிட்டீர்."

"பிழை இல்லை. அவ்வளவுதான் ஓடுது."

"அதெப்பிடி? நாலு எண்டு போட்டிருக்குது. நான் பனிக்குள்ள ஓடுறன், எனக்கு நாலரைக்கு மேல போகாது."

சுஜிதன் பொறுமையாகத்தான் சொன்னான். அங்கத்தை ரோட்டு வேறு, இங்கத்தை ரோட்டு வேறு. கடலுக்கு மேலால் யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தில் காற்று காரைப் பிடித்துத் தள்ளும். உள்ளூர் ஹயர் என்றால் ஐந்து நிமிட ஓட்டம், பிறகு நிறுத்து. எஞ்சின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். நாலு பேருக்குப் பதிலாக ஆறு பேர் ஏறுவார்கள். வருத்தக்காரருக்கு ஏசி போடத்தான் வேண்டும். பற்றரியும் பழசு, சார்ஜ் நிற்பது குறைவு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ம்" என்றான் கேதீஸ்வரன். "எண்டாலும் ரெண்டு லீற்றர் வித்தியாசம் வராது மச்சான்."

அந்த இரண்டு லீற்றர் அங்கிருந்துதான் தொடங்கியது.

பங்குனியில் ஒருநாள் சுஜிதன் இல்லாத நேரம் பார்த்து அவன் பவதாரணிக்கு எடுத்தான். குரல் தணிவாக இருந்தது. "பவா, குறை நினைக்காத. மச்சான் நல்ல மனுசன்தான். எண்டாலும் பெற்றோல் எங்க போகுது எண்டு எனக்குத் தெரியவேணும். விடியக் காரை எடுக்கமுதல் மீற்றரைப் படம் எடுத்து அனுப்பு. பெற்றோல் செட் துண்டுகளையும் அனுப்பு. அவருக்குச் சொல்லாத. சொன்னா மனம் நோவார்."

அவள் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவும் இல்லை. அண்ணன் ஒன்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். விடிய சுஜிதன் கிணற்றடியில் குளிக்கிற நேரத்தில் அவள் திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, மீற்றர் வெளிச்சத்தைப் படம் பிடித்தாள். முதல் நாள் கிணற்றடிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எடுத்தாள். பிறகு பல் தீட்டுவது மாதிரிப் பழகிப்போயிற்று. எத்தனை லீற்றரை எத்தனை கிலோமீற்றரால் பிரித்து நூறால் பெருக்குவது என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தான். அவளே கணக்குப் பார்த்துவிட்டு அனுப்பத் தொடங்கினாள். ஆறு. ஆறுக்குக் கொஞ்சம் கூட. ஒரு கிழமை ஐந்தரைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. அடுத்த கிழமை திரும்ப ஆறரை.

"வேற ஹயர் ஓடுறார் எண்டா மீற்றரில தெரியும். மீற்றர் சரியா இருக்குது" என்றான் கேதீஸ்வரன். "அப்ப பெற்றோலை இழுத்து விக்கிறார்."

"சே, அண்ணா."

"நான் சொல்லேல்லை. கணக்குச் சொல்லுது."

அன்றைக்கு அவள் கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மூலையில் சாக்கால் மூடி ஒரு கான் இருந்தது. மூடியைத் திறந்து மணந்தாள். மண்ணெண்ணெய். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு வாங்கி வைத்தது. தன்னுடைய புருசனின் பொருளை ஒளித்து நின்று மணக்கிறோமே என்று ஒரு கணம் அவளுக்குக் கூசியது. ஆனால் மனம் ஆறவில்லை. பெற்றோல் இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

வைகாசியில், கோயிலில் வைத்து அடுத்த ஒழுங்கை மனுசி ஒருத்தி கேட்டாள்: "உங்கட கார் சாட்டிக் கடற்கரையில நிண்டுது கண்டனான். நீரோ போனது?"

"இல்லையே. எப்ப?"

"முந்தநாள் மத்தியானம். சாட்டிக் கோயிலடி மரங்களுக்குக் கீழ. எஞ்சின் ஓடிக்கொண்டு நிண்டுது. கண்ணாடி எல்லாம் ஏத்தியிருந்தது. முன்சீற்றில ஒரு பொம்பிளைப்பிள்ளை இருந்தது, நீர் எண்டு நினைச்சன்."

பவதாரணி வீட்டுக்கு நடந்து வந்தாள். எப்படி வந்தாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை. தாயும் கண்மூடி, பிள்ளைகுட்டியும் இல்லாத வீடு. பதினாறு வருடமாக அந்த மனிதனைத் தவிர வேறு ஆளில்லாத வீடு. உள்ளே போய்க் கதிரையில் இருந்து, சுஜிதன் வரும்வரை பொறுக்க மாட்டாமல் அண்ணனுக்கு எடுத்தாள். அன்றைக்கு ஊர்காவற்றுறை ஹயர் என்பதையும் சேர்த்து அழுதுகொண்டு சொன்னாள்.

கேதீஸ்வரன் நாளையும் நேரத்தையும் கேட்டான். பிறகு, "எனக்கு இப்ப விளங்குது" என்றான். அவன் குரலில் கோபத்தைவிட, கணக்கு விடை வந்ததில் ஒரு திருப்தி இருந்ததாக அவளுக்குப் பட்டது. "காரை நிப்பாட்டி வைச்சு ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில இருந்தா, கிலோமீற்றர் ஏறாது, பெற்றோல் மட்டும் போகும். அந்த ரெண்டு லீற்றர் எங்க போச்சு எண்டு இப்ப விளங்குது."

அன்று பின்னேரமே அவன் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பில் குரல்பதிவு போட்டான். கனடா, பிரான்ஸ், கொழும்பு, சரவணை எல்லா இடத்திலும் அது போய் இறங்கியது. "எல்லாரும் கேளுங்கோ. நான் குளிருக்குள்ள நிண்டு உழைச்சு எடுத்துக் குடுத்த காரில, என்ர பெற்றோலில, சுஜிதன் ஊர்காவற்றுறையில ஒருத்தியை ஏத்திக்கொண்டு சாட்டியில காத்து வாங்குறாராம்..." பவதாரணி அதைக் கேட்டாள். அழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை. இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் சுஜிதன் சாப்பிட வந்தான். அந்தக் குறூப்பில் அவன் இல்லை. குசினிக்குள் வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றவனை அவள் கேட்டாள்:

"சாட்டியில என்ன அலுவல்?"

"ஆர் சொன்னது?"

"ஆரோ. முன்சீற்றில ஆர்?"

"நிலாந்தி. பஸ்ரியாம்பிள்ளையற்ர மகள்."

"பேரெல்லாம் வாயில நிக்குது."

"கிழமையில மூண்டு நாள் ஏத்தி இறக்கிறன். பேர் தெரியாமல் இருக்குமோ?" அவன் அவளை உற்றுப் பார்த்தான். விசயம் எங்கே போகிறது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும். "பவா, பின்சீற்றில தகப்பன் படுத்திருந்தவர். நீட்டிப் படுத்தா வெளியில இருந்து பாக்கிற ஆக்களுக்குத் தெரியாது. டயலிசிஸ் முடிஞ்சு வரேக்க அவருக்குத் தலை சுத்தும், சத்தி வரும். கார் ஆடினாத் தாங்கமாட்டார். சிந்தாத்திரை மாதா கோயிலடியில கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொல்லிக் கேப்பார். நிப்பாட்டிறனான். வெயிலுக்குள்ள ஏசியை நூத்தினா மனுசன் அவிஞ்சுபோவார். நிண்ட இடத்தில ஏசி ஓடினா பற்றரி இறங்கும், எஞ்சின் தன்ர பாட்டில ஸ்ரார்ட் வரும். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னாச் சுவிசில கொண்ணருக்குப் போகும். சும்மா நிண்டு பெற்றோலை எரிக்கிறன் எண்டுவார். ஏற்கெனவே அந்த ரெண்டு லீற்றரால என்னைப் பிய்க்கிறார்."

"அண்ணா சும்மா கதைக்கேல்லை. கணக்குப் பாத்துத்தான் கதைக்கிறவர். போன கிழமையும் மீற்றரில—"

அவள் நிறுத்தினாள். பிந்திவிட்டது.

"மீற்றர் கொண்ணருக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் சுஜிதன்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நெருப்பு சீறியது. அவள் மூடியை எடுக்கவில்லை. அவன்தான் எட்டி அடுப்பை நூர்த்தான்.

"நான் குளிக்கேக்கையோ?"

அவள் தலையசைத்தாள்.

"எவ்வளவு காலமா?"

"பங்குனியில இருந்து."

அவன் வழிந்த கஞ்சியைத் துணியால் துடைத்துவிட்டான். சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு அழுவதற்கு வசதியாக இருந்திருக்கும். கோப்பையை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் போய் இருந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்தான். கலியாணம் கட்டி அதுவரை அவன் அதைச் செய்ததில்லை.

ஒரு கிழமை கழித்து நிலாந்தி வந்தாள். சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு அங்கேயே நின்றாள். முப்பது வயதிருக்கும். கறுத்து மெலிந்த பிள்ளை. வெயிலில் ஊர்காவற்றுறையிலிருந்து மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ள வாங்கோ" என்றாள் பவதாரணி.

"வரேல்லை அக்கா. ரெண்டு சொல்லுச் சொல்லீட்டுப் போறன். உங்கட அண்ணர் கதைச்சதை எங்கட கோயில் பங்கில ஒரு ஆள் எனக்குப் போட்டுக் காட்டினவ. மன்னாரில என்ர மாமிக்கும் ஆரோ அனுப்பியிருக்கினம். அங்க எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவை." அவள் ஒரு தரம் மூச்சு வாங்கினாள். "அதை விடுங்கோ. அப்பாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இனி நாங்கள் பஸ்ஸில போறம் எண்டு சுஜிதன் அண்ணைக்குச் சொல்லிவிடுங்கோ."

"பஸ்ஸில அவர் எப்பிடி..."

"ஏலாதுதான். எண்டாலும் போகத்தானே வேணும்."

"நிலாந்தி, நான் உம்மை அப்பிடி நினைக்கேல்லை" என்றாள் பவதாரணி. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நிலாந்தி சைக்கிளைத் திருப்பினாள். "அண்ணைக்கு நான் போனில சொல்லியிருப்பன். போனில சொன்னா அதுவும் ஒரு கதையாகும் எண்டுதான் உங்களிட்டச் சொல்ல வந்தனான்."

அன்றிரவு பவதாரணி அதைச் சொன்னபோது சுஜிதன் "ஓம்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் ஹோலில் பாய் போட்டுப் படுத்தான். படம் எடுப்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் அவன், ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகுமுன் கார்த் திறப்பை அவளுக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. அவன் திரும்பி வந்து, தொடாமல் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு போனான்.

நயினாதீவுத் திருவிழாவுக்குக் கேதீஸ்வரன் குடும்பத்தோடு வந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள், நாலு பெரிய சூட்கேஸ். சுஜிதனுக்கு இரண்டு சேட்டும் ஒரு சென்ற் போத்தலும் கொண்டுவந்திருந்தான். ஒன்றும் நடக்காதது போல அவன் தோளில் தட்டி, "மச்சான், நான் நிக்கிறவரைக்கும் நீர் லீவு. நானே ஓடுறன். உதை எப்பிடி ஓடவேணும் எண்டு பாருமன்" என்றான்.

சுஜிதன் காரைக் கழுவித் துடைத்து, ரயருக்குக் காற்றடித்து, திறப்பைக் கொடுத்தான். சேட்டுகளை அலுமாரிக்குள் வைத்தான். கூடப் போக மறுத்துவிட்டான்.

பவதாரணி போனாள். அண்ணன் கூப்பிட்டால் அவளால் போகாமல் இருக்க ஏலாது. வேலணையில் பெற்றோல் செட்டில் நிறுத்தி, வாய்வரை நிரப்பச் சொன்னான் கேதீஸ்வரன். மீற்றரைத் தானே படம் எடுத்தான்; பவதாரணியும் பழக்கத்தில் அந்த இலக்கத்தை மனதில் வைத்தாள். பிறகு ஓட்டம்தான். குறிகட்டுவானுக்கும் திரும்பவும், கீரிமலைக்கு, நல்லூருக்கு, காரைநகர்க் கடற்கரைக்கு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்க யாழ்ப்பாணம். சுவிஸில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆனி மாதத்து வெயில் தாங்காது. கடைக்குள் போனாலும் ஏசி ஓடிக்கொண்டே நின்றது. புங்குடுதீவு ரோட்டில் பள்ளங்களைக் கண்டதும் அவன் பிறேக்கை அமத்தி, திரும்ப மிதித்து, திரும்ப அமத்தினான். பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று ஒரே பக்கமாக அடித்தது. கார் இரைந்துகொண்டு போனது. 

திரும்பிப் போவதற்கு முதல் கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வழியில் அதே பெற்றோல் செட்டில் நிறுத்தித் திரும்ப வாய்வரை நிரப்பினான். மெசினில் இலக்கங்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. பவதாரணி பின்சீற்றிலிருந்து அதைப் பார்த்தாள். முன்னுக்கு எட்டி மீற்றரையும் பார்த்தாள். அவன் சொல்லிக் கொடுத்த கணக்கு. போனை எடுத்துத் தட்ட அதிக நேரம் ஆகவில்லை.

ஏழரைக்குக் கிட்ட.

கேதீஸ்வரனும் தன்னுடைய போனில் தட்டிப் பார்த்தான். அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினான். பிறகு போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுக் காரை எடுத்தான்.

"எவ்வளவு அண்ணா?" என்றாள் பவதாரணி.

"பிறகு பாப்பம்."

"நான் பாத்திட்டன். ஏழரை. அவருக்கு ஆறுதான் வந்தது." அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "இப்ப ஆர் களவெடுத்தது அண்ணா?"

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள். பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். கேதீஸ்வரனின் பிடரி சிவந்தது. காரை ஓரத்தில் நிறுத்துவானோ என்று அவள் நினைத்தாள். அவன் நிறுத்தவில்லை.

"கார் பழுதாப் போச்சு" என்றான். "ஓடத் தெரியாமல் ஓடிப் பற்றரியை நாசமாக்கிப் போட்டார் உன்ர மனுசன். நான் குடுக்கேக்க நல்லாயிருந்தது."

"குடுக்கேக்கயே ஆறுதான் அண்ணா. முதல் மாசமே ஆறு."

"உனக்கு என்ன தெரியும் காரைப் பற்றி?"

"நீங்கள் சொல்லித் தந்த கணக்குத் தெரியும்."

வீட்டு வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு அவள் அவனை மறித்தாள். "அண்ணா, அந்தக் குறூப்பில ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. பிழையா விளங்கிப்போட்டன் எண்டு. எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்காக."

"அது முடிஞ்ச கதை. திரும்பக் கிளறினா நாறும்" என்றான் கேதீஸ்வரன். பிறகு, குரலை இறக்கி, "நீதானே பவா அழுது அழுது எனக்குச் சொன்னனீ?" என்றான்.

அது உண்மை.

போகுமுன் அவன் காரை விற்றுவிட்டான். மானிப்பாயில் ஒருவர் வந்து பார்த்தார். "சரியான மிச்சம் அண்ணை, நூறுக்கு நாலு லீற்றர்தான் குடிக்கும்" என்று கேதீஸ்வரன் அவருக்குச் சொல்வதைப் பவதாரணி குசினி யன்னலுக்குள்ளால் கேட்டாள். சுஜிதனும் கேட்டான். அவன் அப்போது காருக்குள்ளிருந்த தன்னுடைய துவாயையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

சுஜிதன் தன்னுடைய பழைய ஓட்டோவைத் திருப்பி வாங்கலாமா என்று வேலணைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான். வாங்கினவன் அதைத் தர மாட்டேன் என்றான். வாகனங்களின் விலை ஏறிப்போயிருந்தது. சுஜிதன் மாதக்கணக்கில் கூலிக்குத் தோட்டம் கொத்தப் போனான். பிறகு தீவுப் பகுதிக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பவுசர் வண்டிக்குச் சாரதி தேவையென்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான்.

கார்த்திகை மழையில் பஸ்ரியாம்பிள்ளை செத்துப்போனார். ஆவணிக்குப் பிறகு அவர் டயலிசிஸுக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். பஸ்ஸில் நிற்க ஏலாமல் அல்லைப்பிட்டியில் இறங்கித் தெருவோரத்தில் இருந்த நாட்களும் உண்டாம். ஒருநாள் விட்டால் உடம்பு வீங்கும். வீங்கினால் அடுத்த நாள் எழும்ப ஏலாது. பஸ்ஸில் போகாமல் காரில் போயிருந்தால் இருந்திருப்பாரோ, இல்லையோ. அந்த வருத்தத்தில் எத்தனையோ பேர் போகிறார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பவதாரணிதான் அதை உள்ளுக்குள் பிரட்டிப் பிரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்த வீட்டுக்கு வெளிக்கிட்ட சுஜிதனிடம், "நானும் வாறன்" என்றாள்.

"வேண்டாம்."

"ஒருக்கா முகத்தையாவது..."

"நீர் வந்து என்ன செய்யப்போறீர்? அங்க அழுகிறவை இருக்கினம்."

அவன் போன பிறகு அவள் தனியாக பஸ் எடுத்துப் போனாள். தேவாலயத்துக்கு வெளியே, குடை பிடித்துக்கொண்டு நின்ற ஆண்களுக்குப் பின்னால் நின்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் சுஜிதனும் இருந்தான். மழைத்தண்ணீர் அவன் நெற்றியால் வழிந்தது. அவளைக் கண்டும் காணாதது போலப் போனான். நிலாந்தி பின்னால் வந்தாள். வெள்ளைச் சட்டை. யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். பவதாரணிக்கு முன்னால் வந்ததும் அவள் நின்றாள். கையைப் பிடிக்கலாம் என்று பவதாரணி கையை நீட்டினாள்.

"வந்ததுக்கு நன்றி அக்கா" என்றாள் நிலாந்தி. வெளியூரிலிருந்து வந்த ஆளுக்குச் சொல்வது மாதிரி. நீட்டிய கையைப் பார்க்காமல் நடந்தாள்.

கேதீஸ்வரன் அதற்குப் பிறகு நெடுநாள் எடுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு எடுத்தான். அவள் எடுக்காமல் விடலாம் என்று நினைத்தாள். அது அடித்து ஓயுமுன் எடுத்துவிட்டாள். சுகம் விசாரித்தான். மாடி வீட்டுக்கு மாபிள் பதிக்கிறவர்கள் வந்தார்களா என்று கேட்டான். அடுத்த முறை வரும்போது முழுக்கக் கரண்டில் ஓடுகிற கார் ஒன்று எடுத்துவிடப்போவதாகச் சொன்னான்.

"அதுக்குப் பெற்றோலே தேவையில்லை பவா. ஒருத்தரும் கணக்குக் காட்டத் தேவையில்லை."

"ஓம் அண்ணா" என்றாள்.

பவுசர் வேலை தொடங்கிய நாளிலிருந்து சுஜிதன் ஒரு பழக்கம் பழகியிருந்தான். பின்னேரம் வந்து, குளித்து, சாப்பிட இருந்ததும், அவள் சோற்றைப் போட முதல், அன்றைக்கு எங்கெங்கே போனான் என்று சொல்லுவான். குரலில் கோபம் இருக்காது. ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி ஒரே அளவாக இருக்கும். முதல் நாள் அவன் தன்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டான் என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் நாள்தான் அது கணக்குக் காட்டுவது என்று விளங்கியது.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்று அன்றைக்குச் சொன்னாள்.

"நீர் கேக்கமாட்டீர். எனக்குத் தெரியும்" என்றான்.

மாசியில் ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் கோப்பைக்கு முன்னால் இருந்து, "காலமை இறுப்பிட்டிக்கு ரெண்டு தரம். பிறகு பள்ளிக்கூடத் தாங்கிக்கு அடிச்சது. மத்தியானம் மண்டைதீவு, அங்க கொஞ்ச நேரம் நிண்டனான், குழாய் இறுகிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"போதும்" என்றாள் அவள். அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிலத்தில் இருந்தாள். "நான் செய்தது பிழை. எத்தினை தரம் சொல்லிப்போட்டன். என்னை அடியுங்கோ, பேசுங்கோ, வீட்டை விட்டுப் போ எண்டு சொல்லுங்கோ. இதை மட்டும் விடுங்கோ."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுஜிதன் எழும்பவில்லை. கோப்பையைப் பார்த்தபடி, அவள் அழுது முடிகிறவரைக்கும் பொறுத்திருந்தான். அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அகப்பையை எடுத்து, அவனுக்குச் சோற்றைப் போட்டாள். 

அவன் சோற்றைக் குழைத்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

"பின்னேரம் நாரந்தனை. அங்கயிருந்து நேர வீடு."